வெறும் பாட்டிலைத் திருப்பித் தருவதில்லை

என் மனைவி அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறு மாதமே, சிதம்பரத்தில் இருக்கும் அவள் தம்பி ஒரு கண்ணாடித் தொட்டியை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கடலூருக்கு வந்து, எங்கள் கூடத்து மேசை மேல் இறக்கினார். கையில் தொங்கிய பிளாஸ்டிக் பையில் மூன்று ஜோடி கப்பி மீன். அக்காவுக்கு இனிப் பொழுது போக வேண்டுமே என்று காரணம் சொன்னார்.

எனக்கு அப்போதே கவலை பிடித்துக்கொண்டது. தண்ணீர் கசிந்தால் மேசை ஊறிவிடும். காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் சூடாகும். பூனை வரும். கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளில் மூட்டை எண்ணி இருப்புச் சரிபார்த்தே என் உத்தியோக காலம் போனது. வீட்டுக்குள் எது வந்தாலும் எத்தனை என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆறுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கப்பி முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும். எனக்கு அது தெரியாது. அவள் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் காலை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டி முன் குனிந்தவள், ஒரு மீனின் வயிறு சதுரமாகிவிட்டது, வாலுக்கு முன்னால் இருக்கும் கறுப்பு மச்சம் பெரிதாகிவிட்டது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்றாள். பெரிய மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும், பெற்றதும் சேர்ந்து தின்னும் என்று தம்பி சொல்லியிருந்தார். அதனால் அகலவாய்க் காப்பித்தூள் பாட்டில் ஒன்றைக் கழுவி, தாயை அதில் தனியாக விட்டாள். மறுநாள் பாட்டிலில் இருபத்தாறு குஞ்சுகள். கண் இமை முடியை வெட்டிப் போட்டது போல இருந்தன. தாயை உடனே எடுத்துத் தொட்டியில் விட்டுவிட்டு, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து ஊட்டினாள்.

தொட்டியிலேயே விட்டிருந்தால் இரண்டோ மூன்றோ பிழைத்திருக்கும். கப்பிகள் தங்கள் எண்ணிக்கையை அப்படித்தான் கட்டுக்குள் வைத்துக்கொள்கின்றன. அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. தன் கையில் பிறந்ததைத் தொலைக்க மாட்டாளாம். இதை அவள் சொன்னபோது அவள் முன்னால் அரிவாள்மனை இருந்தது, துறைமுகத்திலிருந்து வந்த சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

2008-இல் மின்வெட்டு வந்தபோது தொட்டியில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று மீன்கள் இருந்தன. மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும்; அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு மத்தியானம் அவள் டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி, அதில் காற்றுக் கலக்கப் பார்த்தாள். அப்படியும் ஒன்பது செத்தன. அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் தொட்டியில் ஐம்பதுக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் தொட்டி சிதம்பரத்துக்கே திரும்பிப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அன்று மச்சானும் வந்திருந்தார்.

“மாமா சொல்றதும் சரிதான்க்கா. ஊருல இருக்குற பொம்பளைங்களையெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கூட்டிக்கினு போன. உன் வீட்டுல பாரு எம்மாம் ஜாஸ்தியா வச்சிருக்கற” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. “அம்பது. எண்ணப் போறது நீங்கதானே?” என்று என்னைக் கேட்டாள். நான்தான் என்றேன்.

சாக்கடையில் கொட்டுவதில்லை, பெரிய மீன் வாங்கி விட்டுத் தின்னக் கொடுப்பதில்லை, பட்டினி போடுவதில்லை என்று மூன்றையும் அவள் முதலிலேயே தள்ளிவிட்டாள். எங்கள் தெருவில் மாதம் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் நடக்கும். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது வழக்கம். செப்டம்பரில் மாதா பிறந்தநாள் முடிந்த வாரம் எங்கள் முறை. ஜெபமாலை முடிந்து சுண்டலும் டீயும் ஆனபின், வந்திருந்த இருபத்து மூன்று வீட்டாருக்கும் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று ஜோடி. ஒற்றையாகக் கொடுக்க அவளுக்கு மனம் வராது. பழம் கொடுத்தாலும் வளையல் கொடுத்தாலும் ஜோடிதான். பெண்கள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் தொட்டியை எண்ணினேன். நாற்பத்தாறு. ஒரு மீன்கூடச் சாகாமல் இதைச் செய்துவிட்டாளே என்று அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

நவம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். பாட்டிலைத் திருப்பித் தர வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் காலியாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு முறுக்கோ போட்டுத்தான் தருவார்கள்.

“வெறும் பாட்டிலா எப்படி சிஸ்டர் குடுக்கறது? அதான் நம்ம வீட்டுலயே பொறந்தது” என்றாள். உள்ளே பதினான்கு குஞ்சுகள்.

என் மனைவி வாங்கிக்கொண்டாள். நன்றாக வளர்த்திருக்கிறாய் என்று பாராட்டவும் செய்தாள். அன்புடன் கொண்டுவந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அடுத்தடுத்த நாட்களில் இன்னும் எட்டு பாட்டில்கள் வந்தன, எதுவும் காலியாக இல்லை. டிசம்பர் நடுவில் எண்ணியபோது நூற்று அறுபத்து மூன்று. அவளிடம் சொன்னேன். சொன்ன சொல் சொன்னதுதான் என்று மச்சானுக்குப் போன் செய்து, இருபத்து மூன்றாம் தேதி வந்து தொட்டியை எடுத்துப் போகச் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, தொட்டி போன பிறகு அவள் காலையில் எங்கே உட்காருவாள் என்ற கவலை அந்த நிமிஷமே தொடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் தொட்டி முன்னாலேயே இருந்தாள். எழுந்திருக்கும்போது, ஜோடியாகக் கொடுத்ததுதான் தப்பு என்றாள். மறுநாள் காலை மூடி போட்ட வாளி, டீ வடிகட்டி, குடையுடன் கிளம்பினாள். தண்ணீர் சிந்தி வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று வாளியை நான் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். கொடுத்த வீடு ஒன்றுகூட விடவில்லை. வால் நிறமாக இருப்பது ஆண். பருத்து, நிறம் மங்கி இருப்பது பெண். வடிகட்டியை உள்ளே விட்டாள் என்றால் வருவது பெண்ணாகத்தான் இருக்கும். சர்வீஸ் காலத்தில் வார்டில் கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசியிருக்கக்கூடிய குரலில், இனி உங்கள் வீட்டில் ஆண் மட்டும் இருக்கட்டும் என்று விளக்கினாள். அவள் தெருவில் இறங்கி வேலை செய்வதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. திரும்ப டூட்டியில் சேர்ந்துவிட்டீர்களா சிஸ்டர் என்று கேலி செய்தார்கள். மூலை வீட்டுக்காரப் பெண்மணிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

“பண்டிக நாள்ல ஜோடியப் பிரிக்கலாமா சிஸ்டர்? பாவம் இல்லியா?”

“நாலு வாரத்துக்கு ஒரு பிரசவம். எந்த உடம்பும்மா தாங்கும்? அதையும் பாவம்னு யாராவது சொல்லணுமில்ல” என்றாள் என் மனைவி. அந்தப் பெண்மணி பாட்டிலைத் தானே கொண்டுவந்து நீட்டினாள்.

எங்கள் தொட்டியையும் அப்படியே பிரித்தாள். பெண்களுக்கு இன்னொரு தொட்டி வாங்கித் தனியாக வைத்தால் என்ன என்று கேட்டேன். ஒரு தடவை ஆணோடு சேர்ந்துவிட்டால் அப்புறம் தனியாக இருந்தாலும் மாதக்கணக்கில் ஈனும், அதைத் தன் பாட்டிலிலேயே பார்த்திருப்பதாகச் சொன்னாள். மச்சான் வீட்டுப் பின்புறம் புழங்காத பெரிய கிணறு ஒன்று உண்டு. கொசுப்புழு நெளிகிறது என்று அவர் சொல்லாத நாள் இல்லை. பெண்களும், ஆணா பெண்ணா தெரியாத பொடிசுகளும் அங்கே போகட்டும் என்று முடிவு செய்தாள். அங்கே தவளை தின்னுமே என்றேன். அங்கே ஓடி ஒளிய இடம் இருக்கிறது, மீதியைக் கிணறு பார்த்துக்கொள்ளும் என்றாள். ஒரு குஞ்சைத் தொலைக்க மாட்டேன் என்றவள் வாளிக்குள் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். அவளுக்கு அது லேசாக இருந்திருக்காது. பொங்கலுக்குப் போனபோது அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். புழு ஒன்றையும் காணோம். மீன்களை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

சொன்னபடி மச்சான் வந்தார். தொட்டிக்குப் பதில் இரண்டு வாளிகளைக் காட்டினோம்.

“தொட்டிய எடுத்துக்கினு போவலாம்னு வந்தா, பொண்ணுங்கள அனுப்பி வைக்கறியா? சீர் ஒண்ணும் இல்லியாக்கா?” என்றார்.

அவள் முறுக்கு டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தாள். வாளியை மூடும்போது ஒரு மீனை மட்டும் அள்ளி, பழைய காப்பித்தூள் பாட்டிலில் விட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தாள்.

“இவ வர மாட்டா. நாள் நெருங்கிடுச்சி. பஸ்ஸுல குலுங்கிக்கினு போவக் கூடாது.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். மறுநாள் எண்ணினேன். தொட்டியில் நாற்பத்தொன்பது, அத்தனையும் ஆண். பாட்டிலில் ஒன்று. சரியாக ஐம்பது. ஆண்கள் வாசற்படி தாண்டக் கூடாத வார்டில் காலமெல்லாம் இருந்தவள், ஆண்கள் மட்டுமே இருக்கும் தொட்டியை எனக்குக் காட்டிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் காலையில் காப்பி போடச் சமையலறைக்குள் போனேன். அவள் எனக்கு முன்பே புதுப் புடவையோடு ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். பாட்டிலுக்குள் தாயைச் சுற்றிலும் பொடிப்பொடியாக அசைந்தன. அவள் ஒதுங்கி நின்று, “எண்ணுங்க” என்றாள்.

கூடத்துக்குப் போய்த் தொட்டியை எண்ணிவிட்டு வந்தேன். நாற்பத்தொன்பது என்றேன். அவள் பாட்டிலைக் காட்டினாள்.

“தொட்டியில அம்பதுன்னுதான் சொன்னேன். பாட்டிலைப் பத்தி நான் பேசவே இல்லியே” என்றேன்.

அவள் வடிகட்டியை எடுத்துத் தாயை வேறு பாட்டிலுக்கு மாற்றினாள்.

“பொங்கலுக்குப் போறப்ப இவளையும் கெணத்துல விட்டுடறேன். வால்ல நிறம் வந்ததும் இதுங்களையும் பிரிச்சிடறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல பிரசவம் கெடையாது” என்றாள். பிற்பாடு சொன்னபடியே செய்தாள். “இப்ப ஒரு முட்டைய வேவ வைங்க.”

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.