ஐந்து படி இறங்க ஒரு லிஃப்ட்

எங்கள் வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஐந்து படி. வீடு கட்டும்போது ஏழு இருந்தது. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு இரண்டு படி மண்ணுக்குள் போய்விட்டது. இன்னும் நாலைந்து தடவை ரோடு போட்டால் படியே இருக்காது, அம்மா நேராகத் தெருவுக்குப் போய்விடலாம் என்று என் மகன் சொல்லிச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு நான் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வரும். மருமகள் தோள் கொடுத்தால் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கோ ஆட்டோவுக்கோ மாறி உட்காரவும் வரும். படி இறங்கத்தான் வராது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் என்னைத் தூக்கி இறக்குவார்கள். முன்னால் எதிர்வீட்டு ஆட்டோக்காரர், பின்னால் என் மகன். நாற்காலியோடு தூக்கினால் கனம் ஜாஸ்தி, படியும் குறுகல் என்று ஆளை மட்டும் தூக்குவார்கள்.

ஆட்டோக்காரர் நல்ல மனுஷன். "பெரிம்மா, கழுத்தப் புட்ச்சிக்கோ, கூச்சப்படாத" என்பார். கூச்சப்படாமல் எப்படி இருப்பது? அவர் கை என் முழங்காலுக்கு அடியில் போகும். புடவை ஏறும். ஒரு கையால் புடவையை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் எதிர்வீட்டு ஆம்பிளை கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். டீக்கடையில் நிற்பவர்கள் பார்ப்பது கண்ணை மூடினாலும் தெரியும். கட்டின புருஷன்கூடத் தெருவில் வைத்து என்னைத் தொட்டதில்லை.

மூன்று தடவை அப்படித் தூக்கினார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வலி கம்மியாகிவிட்டது, டாக்டரைப் பார்க்க வேண்டாம் என்று பொய் சொன்னேன். வலி கம்மியாகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மருமகள்தான் கண்டுபிடித்தாள்.

"வலி இல்லன்னா ஏன் அத்தை, உக்காந்து எழும்போதெல்லாம் மூச்சப் புடிக்கிறீங்க?" என்றாள்.

நான் புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது போல. நாற்காலியோடு ஏற்றி இறக்குகிற லிஃப்ட் ஒன்று இருக்கிறது, வாசலில் படிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்று அந்த வாரமே மகனிடம் பேச ஆரம்பித்தாள்.

அளவெடுக்க வந்தவர் சென்னைக்காரர். டேப்பை இழுத்துப் படியை அளந்தார், வாசலை அளந்தார், நாற்காலியை அளந்தார். அதில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்கவே இல்லை. "பாட்டி என்ன வெயிட் இருப்பாங்க சார்?" என்று மகனைக் கேட்டார். மகன் ஒரு எடை சொன்னான். அது ஆபரேஷனுக்கு முன்னால் நான் இருந்த எடை.

"கை நல்லா வேலை செய்யுமா? பட்டன் அழுத்துவாங்களா?"

அதையும் மகனைத்தான் கேட்டார். கையும் இருக்கிறது, வாயும் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். காபித் தம்ளரைப் பார்த்தபடி இருந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து இப்படித்தான். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும்.

இருபது நாளில் வந்துவிடும் என்றார்கள். இருபது நாள் கழித்து, இன்னும் ஒரு பாகம் வரவேண்டும் என்றார்கள். பிறகு அந்தப் பாகம் வந்துவிட்டது, ஆள் லீவு என்றார்கள். மகன் போன் பண்ணும்போதெல்லாம் ஒரு பெண் குரல் "செக் பண்ணிச் சொல்றேன் சார்" என்னும். அவள் என்னத்தைச் செக் பண்ணினாளோ தெரியாது, சொன்னதே இல்லை.

கடைசியில் வண்டி வந்த நாள் பௌர்ணமி. பௌர்ணமியன்று யாராவது திருவண்ணாமலைக்குச் சாமான் அனுப்புவார்களா? கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை மறித்துவிட்டார்கள். டிரைவர் போனில், "போலீஸ் உள்ள உட மாட்டேன்றாங்க சார். இன்னிக்கி இன்னா விசேஷம்?" என்று கேட்டார். மகனுக்கு வந்த ஆத்திரத்தில், "எறங்கி நீயும் ஒரு சுத்து சுத்திட்டுப் போ" என்று சொல்லி வைத்துவிட்டான். வண்டி திரும்பிப் போய்விட்டது. மறுபடி வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்தப் பத்து நாளுக்குள் எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலாவது தடவையும் தூக்கினார்கள். படியில் இறங்கும்போது ஆட்டோக்காரர், "லிஃப்ட்டு வர்ற வரிக்கும் நான்தான் பெரிம்மா உனக்கு லிஃப்ட்டு" என்றார். டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. காய்ச்சல் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருவழியாக லிஃப்ட் வந்து இறங்கியது. இரண்டு பேர் மூன்று நாள் துளை போட்டு, போல்ட் முடுக்கி, படிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நாற்காலி நிற்கிற அளவுக்கு ஒரு மேடை, சுற்றி இடுப்பு உயரத்துக்குத் தகடு, உள்ளே ஏற ஒரு பொத்தான், இறங்க ஒரு பொத்தான். கரண்ட் போனால் இறங்கப் பேட்டரி உண்டு, ஏறத்தான் கிடையாது என்றார்கள். "அடியில ஒண்ணும் இருக்கக் கூடாது சார்" என்று ஒருவர் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் காதில் போனை வைத்துக்கொண்டே சரி சரி என்று தலையாட்டினான். ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போனார்கள். தமிழில் அச்சடித்திருந்தது. பகல் முழுக்க எனக்கு என்ன வேலை? எழுத்துக் கூட்டி நாலு தடவை படித்தேன். அடித்தட்டில் ஏதாவது பட்டால் லிஃப்ட் தானாக நின்றுவிடும், ஏற்றும் பொத்தானை அழுத்தி மேலே போய், தடுக்கிற பொருளை எடுத்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மருமகள் தகட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினாள். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு நாற்காலியோடு மேடையில் ஏறினேன். அப்போது மகன் நான்கு எலுமிச்சம்பழத்தோடு கீழே இறங்கினான். எங்கள் ஊரில் சைக்கிள் வாங்கினாலும் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்காமல் நகர்த்த மாட்டார்கள். மேடை இறங்குகிற இடத்தில், நாலு மூலைக்கும் ஒன்றாக வைத்தான்.

நான் பார்த்தேன். தாளில் படித்தது ஞாபகத்துக்கு வந்தது. தெருவில் பத்துப் பேர் நிற்கிறார்கள். நல்ல காரியம் நடக்கும்போது கிழவி குறுக்கே வாய் வைத்தாள் என்பார்கள். பேசாமல் இருந்தேன்.

"அழுத்துங்க அத்தை" என்றாள் மருமகள்.

அழுத்தினேன். மேடை மெதுவாக இறங்கியது. தரைக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

மகன் கம்பெனிக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"அடியில ஏதாவது இருக்கா பாருங்க சார்."

மகன் குனிந்து பார்த்தான். "ஒண்ணுமில்லயே. சுத்தமா இருக்கு."

பழம் அவன் கண்ணில் படாமல் இல்லை. அது சாமிக்கு வைத்தது. ஏதாவது என்பதில் அது சேராது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். பண்ணினான். நாளைக்கு ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

டீக்கடையிலிருந்து ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கரண்ட் கம்மியா வருது என்றார் ஒருவர். "ராவு காலம் ஆரம்பிச்சிட்ச்சா பாரு" என்றார் இன்னொருவர். நான் நல்ல புடவையோடு, மாலைக்கு நடுவில், அத்தனை பேருக்கும் முன்னால் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர் தோள் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"உடு சார், நான் பாத்துக்குறேன். பெரிம்மா, புட்ச்சிக்கோ கழுத்த."

தகட்டைத் தாண்டி அவர் கை வந்தது.

"கை வைக்காதப்பா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கை வைக்காத. பழத்த எடுக்கச் சொல்லு."

யாருக்கும் புரியவில்லை. "பழம் இன்னாம்மா பண்ணும்?" என்றான் மகன்.

"அதான் தடுக்குது. அடியில எது பட்டாலும் நின்னுடும்னு பேப்பர்ல போட்டிருக்கு."

"எலுமிச்சம்பழம் கூடவா?"

"அதுக்கு இன்னா தெரியும், சாமிக்கு வெச்ச பழம்னு?"

அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். மேடை மேலே போனது. மருமகள் குனிந்து நாலு பழத்தையும் பொறுக்கினாள். ஒன்றுகூட நசுங்கவில்லை. மறுபடி இறங்கினேன். மேடை தரையில் உட்கார்ந்தது.

"தெரிஞ்சிருந்தா மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று எல்லோர் முன்னாலும் மகன் சிடுசிடுத்தான். யாருடா என்னைக் கேட்டீர்கள் என்று எனக்கும் கோபம். ஆனால் பழம் வைக்கும்போது பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நான்தானே. அதை நினைத்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வைத்த பழம் நசுங்காமல் போகக் கூடாது என்று ஆட்டோக்காரர் நாலையும் வாங்கித் தன் ஆட்டோவுக்கு அடியில் வைத்து ஓட்டினார். "என் வேலதான் போச்சே, வண்டியாவது நல்லா ஓடட்டும்" என்றார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இத்தனை மாதம் இடுப்பை ஏன் காட்டவில்லை என்று எலும்பு டாக்டர் திட்டினார். இனி வாராவாரம் வர முடியுமா என்று மகனைக் கேட்டார். முடியும் என்று நான் சொன்னேன்.

திரும்பி வந்தால் தெருவில் கரண்ட் இல்லை. மேடையில் நாற்காலியை ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் ஆகவில்லை. உச்சி வெயில். மகனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. என்னைப் பார்த்தான், ஆட்டோக்காரரைப் பார்த்தான். அவரும் துண்டை எடுத்துவிட்டார்.

"அஞ்சே படி பெரிம்மா. தூக்கட்டுமா?"

"வேணாம். கரண்ட் வரட்டும்" என்றேன்.

மருமகள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கரண்ட் வர ஒன்றரை மணி நேரம் ஆனது.