பதினைந்தாவது மட்டை

இறைச்சிச் சந்தையில் அவனுக்கு இடி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கடை உரிமத்தில் மட்டும் இருந்தது. கோபம் வந்தால் முதலில் கை பேசும், வாய் பிறகு வந்து சேரும். எடையில் குறை சொன்ன வாடிக்கையாளரின் மூக்கு, ஐஸ் தாமதமாகக் கொண்டுவந்த லாரிக்காரனின் இரண்டு பற்கள், சரியாக மூடாத ஃப்ரிட்ஜின் கதவு என்று அவன் கை பட்டு உடைந்தவை ஏராளம். அடித்த மறு நிமிடம் குலுங்கிக் குலுங்கி அழுவான். அந்த அழுகையை நம்பி ஏமாந்தவர்களில் முதல் ஆள் அவன் மனைவி.

ரத்த அழுத்தத்துக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கப் போன இடத்தில் கோல்ஃப் ஒட்டிக்கொண்டது. அடிக்கத் துடிக்கிற கைக்கு ஒரு பந்து கிடைத்ததே என்று வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பாவம், பந்து மைதானத்தோடு சரி, கை வீட்டுக்கும் வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை சந்தை நண்பர்கள் மூவரோடு வெயில் கொளுத்தும் ஒரு நாட்டுக்கு விமானம் ஏறி, ஐந்து நாள் ஆடிவிட்டு வருவான். ஒன்பது வருஷமாகப் பை கட்டியவள் மனைவி. வியர்வையில் ஊறிக் கிழியும் என்று ஆறு கையுறை, தோல் உரியாமல் இருக்கப் பூசும் களிம்பு, மட்டைத் தலைகளுக்குத் துண்டு என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. விமான நிலையத்தில் ஏற்றி இறக்குகிறவர்கள் தூக்கி எறிந்தால் அடி மட்டைக்கு விழாமல் கம்பிக்கு விழட்டும் என்று, மட்டைகளைவிட உயரமான ஒரு கம்பியையும் நடுவில் நிறுத்துவாள்.

போன மாதம் உள்ளூர்ப் போட்டி ஒன்றில் அவள் கணக்குத் தப்பிவிட்டது. ஆட்ட விதிப்படி ஒருவர் பையில் பதினான்கு மட்டைதான் வைத்துக்கொள்ளலாம், பதினைந்து இருந்தது. நண்பர்கள் முன்னால் அபராதம், தோல்வி. வீட்டுக்கு வந்தவன் ஷூ பையை வீசிச் சுழற்றினான். தடுக்கப் போன அவள் இடது கை மோதிர விரல் முறிந்தது. பதினாலு வயது மகள் ஓடிப்போய்க் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். "இந்தத் தடவை உங்க பையை நீங்களே கட்டுங்க. இனிமே யார் மேலயாவது உங்க கை விழுந்துச்சுன்னா, அதோட நம்ம குடித்தனம் முடிஞ்சுது."

மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனான். மகள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

சந்தைக்காரர்கள் யாரும் நம்பவில்லை, ஆனால் ஒரு மாதம் தாக்குப்பிடித்தான். கிளம்பும் நாளும் வந்தது. கார் பதினோரு மணிக்கு. பத்து மணிக்குக் கூடத்தின் நடுவில் பையைக் கிடத்தி, கடை பெஞ்சில் மாட்டுத் தொடையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பயணத்தில் உடையாமல் இருக்கப் பெரிய மட்டையின் தலையைக் கழற்றும் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. தெரியாததால் பலத்தைக் காட்டினான். சாவி வழுக்கிக் கட்டைவிரல் கிழிந்தது. சுவரில் ஒரு குத்து விட்டான். சுண்ணாம்பு உதிர்ந்தது. சுவர் மனுஷன் இல்லையே, சத்தியம் தப்பித்தது.

"மாமா, அது என்ன கன்னுக்குட்டியா? ஏன் இந்த அமுக்கு அமுக்குறீங்க?" என்றான் மச்சினன். அக்காவைத் தனியே விட மனமில்லாமல் காலையிலேயே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

"வாயை மூடிட்டு இருடா."

பையின் ஜிப் பாதியில் நின்றது. முட்டியால் அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. மனைவி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்கு வரவில்லை.

மச்சினன் எழுந்து வந்து மட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பதினஞ்சு, மாமா! பதினஞ்சு வெச்சிருக்கீங்க. எங்க அக்கா விரலை உடைச்சீங்களே, இப்போ உங்க விரல்ல எதை உடைச்சுக்கப் போறீங்க?"

முதல் குத்து வாயில் விழுந்தது. அடுத்தது விலாவில். கீழே விழுந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தான். ரத்தம் வெள்ளைக் கையுறைகள் மேல் தெறித்தது. நாலாவது அடிக்கு ஓங்கியபோதுதான் மணியைப் பார்த்தான். பத்து நாற்பது. இருபது நிமிஷம், வெறும் இருபது நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா இந்தப் பாவி!

வழக்கம்போல் அழுகை வந்தது. "ஏதோ வேகத்துல பண்ணிட்டேன்மா. இவன்தான் வாயைக் கொடுத்து..." 

அவள் கத்தவில்லை. தம்பியைத் தூக்கி உட்கார வைத்து, ஈரத்துணியை வாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு பைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு மட்டையை உருவித் தரையில் எறிந்தாள், மற்றவற்றைத் துண்டால் சுற்றிக் கட்டினாள், ஜிப்பை இழுத்து மூடினாள். அவனுடைய துணிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பை கட்டுகிறாளே, கோபம் இறங்கிவிட்டது, திரும்பி வரும்போது ஒரு சங்கிலி வாங்கி வந்தால் போதும் என்று மனதுக்குள் சமாதானமும் ஆகிவிட்டான்.

வாசலில் ஹாரன் அடித்தது. அவள் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். தூக்கிப் பார்த்தான். கனத்தது. திறந்தான். அரைக்கைச் சட்டைகளுக்குக் கீழே இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, கல்யாணக் கோட்டு, கடை உரிமம் வைத்த கவர்.

"அங்க வெயில் மண்டையைப் பொளக்கும்டி. ஸ்வெட்டர் எதுக்கு?"

"வெயில் அஞ்சு நாள்தானே," என்றாள் அவள். "அதுக்கப்புறம் எங்க தங்கப் போறீங்களோ, அங்க குளிரும்ல."

கை தானாக எழுந்தது. அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. உள்ளிருந்து மகள் வந்து, வாசல் கதவை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டாள்.