சல்கினாயின் டேங்கில் ஒரு கோடு

சல்கினாய்க்கு எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு பெயர்கள். நேரில் பார்த்தால் அக்கா. பைக் முக்குத் திரும்பியதும் மாட்டு மாப்பிள்ளை. அத்-பாஷியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது அவள் தொழில். கைராசிக்காரி என்று சொல்லிவிட முடியாது. பத்து ஊசியில் ஆறு நிற்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் வேறு எந்த வேலையும் அந்த அளவுக்குக்கூட நிற்பதில்லை.

அவளுக்குப் போட்டியாக இருந்தது ஒரு பொலிகாளை. பெயர் டைரக்டர். ஒரோஸ் என்பவன் அதை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டுபோய்ப் பிழைத்தான். வசந்தம் தொடங்கிய சமயம், அவனுடைய பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் சல்கினாய் பசுவுக்குள் தோள்வரை கையை விட்டு வேலையாக இருந்தபோது டைரக்டர் வேலியைத் தாண்டி வந்து, வாசலில் நின்ற அவளுடைய பழைய இஷ் மோட்டார் சைக்கிளை முட்டியது. பெட்ரோல் டேங்க் உதைபட்ட அண்டாவைப் போல உள்ளே போய்விட்டது. ஒட்டுப்போட்ட இடம் பிளந்து பெட்ரோல் ஒழுகியது.

"கட்டி வைக்கத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினாள்.

"அவன் பொழப்புல நீ கை வெச்சா அவன் சும்மா இருப்பானா? உனக்கு டேங்க்தான் நசுங்குச்சு. அவனுக்கு மனசே நசுங்கியிருக்கு," என்றான் ஒரோஸ்.

பசு பருவத்துக்குக் கத்துவது ஒரு நாள்கூட நீடிக்காது. அதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்தப் பசு டைரக்டருக்கு. பைக் இல்லாத சல்கினாய்க்கு அந்த வசந்தம் முடிவதற்குள் கிராமங்கள் எல்லாம் கைவிட்டுப் போயிருக்கும்.

நசுங்கிய டேங்கைத் தட்டி எடுத்தால் தகடு தாங்காது என்றார்கள். பழைய இரும்புக் கடையில் அதே ரக வண்டியின் டேங்க் ஒன்று கிடைத்தது. நசுங்கல் இல்லை. உள்ளே துருவும் ஒரு கோழி இறகும் மட்டும். ஒரு பிடி நட்டையும் கூழாங்கல்லையும் உள்ளே போட்டுக் குலுக்கினாள். சலவைச் சோடா கரைத்த நீரால் அலசி வெயிலில் கவிழ்த்தாள். பெயிண்டுக்கு ஏசெங்குல்லிடம் கொண்டுபோனாள்.

பள்ளத்தாக்கில் கை நடுங்காமல் தூரிகை பிடிப்பவன் ஏசெங்குல் ஒருவன்தான். கல்லறைகளுக்குப் பெயர் எழுதுகிறவன். சல்கினாயின் வகுப்புத் தோழன்.

"நீலம் அடி. பக்கத்துல என் பேரும் வருஷமும் போடு. போதும்," என்றாள்.

அவன் பழைய பெயிண்டைத் தேய்த்து எடுத்தான். பள்ளங்களுக்குப் பட்டி பார்த்தான். பிரைமர் அடித்து, மேலே நீலம் இரண்டு கை, வார்னிஷ் ஒரு கை. வேலை மோசமில்லை. குழாயை மாற்றி வண்டியில் பொருத்தியும் வைத்தான். சல்கினாய் வந்தபோது ஒரு பசு கத்துவதாக போன் வந்துகொண்டிருந்தது. விந்தை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் குடுவையைக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டைக் குனிந்து பார்க்காமல் ஏறிப் பறந்தாள்.

கடைமுன் நின்ற ஆண்கள் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். இறந்தவருக்கு வேண்டிக்கொள்வதுபோல, வரிசையாக உள்ளங்கைகளை விரித்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

பிரேக் போட்டாள். "யாருப்பா போயிட்டது?"

"நீதான் அக்கா," என்றான் ஒருவன்.

இறங்கிப் பார்த்தாள். நீலத்தின் மேல், கல்லறையில் போடுகிற அதே வெள்ளைப் பிறை. அதன் கீழ் அவள் பெயர். அதன் கீழ் 1967, ஒரு சிறு கோடு, அப்புறம் வெற்றிடம்.

ஒரோஸுக்கு இது போதுமானதாக இருந்தது. "செத்தவ கை பட்டா கன்னு தங்குமா?" என்று வீடு வீடாகக் கேட்டான். பசுக்காரிகள் கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி ஜன்னல் வழியாக, "கோவிச்சுக்காத அக்கா, மாடு பயப்படுது," என்றாள். மாடு எந்த ஊரில் படிக்கிறது?

சல்கினாய் திரும்பி வந்து ஏசெங்குல்லின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"அடேய், நான் எப்படா செத்தேன்?"

"நீதானே பேரும் வருஷமும் போடச் சொன்ன?"

"ஊசி போட ஆரம்பிச்ச வருஷம்டா, தொண்ணூத்தொண்ணு! நீ கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? ஒரே வகுப்பு. நீ பொறந்த வருஷம் எனக்குத் தெரியாதா?" அவன் நிஜமாகவே புண்பட்டிருந்தான். "ரெண்டாவது வருஷத்த நான் போடலியே. எடம்தானே விட்டு வெச்சேன்."

"எடம் விட்டானாம்! பெரிய மனசு!"

அவன் செய்ததில் பிழை எது என்று யோசித்தால் சுலபமாகப் பிடிபடாது. பெயர் சரி, வருஷம் சரி, அந்தக் கோடும் சரி. நம் எல்லோருக்கும் அது போடப்பட்டுத்தான் இருக்கிறது. டேங்கில் எழுதிக்கொண்டு யாரும் அலைவதில்லை, அவ்வளவுதான்.

அழித்து எழுதினால் பயந்துவிட்டாள் என்று ஒரோஸ் அதையும் சொல்லுவான். சல்கினாய் டேங்கை வெகுநேரம் முறைத்தாள்.

"பிறைய அழி. இந்தக் கோடு இருக்கே, இத நிறுத்தாம இழு."

"எதுவரைக்கும்?"

"நான் சொல்ற வரைக்கும்."

அவன் இழுத்தான். கோடு டேங்கின் முன்புறமாக வளைந்து, மறுபக்கம் ஓடி, சீட்டின் கீழே மறைந்து, மறுபடி வெளியே வந்து 1967-இன் முதல் எண்ணைத் தொட்டது. முடிவு இல்லாமல் போயிற்று.

பசுக்காரிகள் அப்போதும் உடனே கூப்பிட்டுவிடவில்லை. முதலில் கூப்பிட்டவன் ஒரோஸ். அவனுடைய நல்ல கறவைப் பசு காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அது டைரக்டரின் மகள். போன வருஷம் அப்பனுக்கே விட்டதில் கன்று கால் கோணிப் பிறந்து செத்தது. ஊருக்கே தெரியும்.

சல்கினாய் பட்டப்பகலில், ஹாரன் அடித்தபடி, கடைத்தெரு வழியாகப் போனாள். பின்னால் பாதி ஊர் வந்தது. ஒரோஸின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைக் கழுவினாள். அவன் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்னத்தத் தேடுற?"

"இல்ல... இது எங்கதான் முடியுது?"

"உன் காளையக் கேளு. அவன்தானே ஆரம்பிச்சு வெச்சான்." கையுறையைத் தோள்வரை இழுத்தாள். "சுத்துனது போதும். வந்து வாலப் புடி."

வேலிக்கு மேல் பாதி ஊரும் எட்டிப் பார்க்க, பின்கொட்டகையில் கட்டிக் கிடந்த டைரக்டர் விடாமல் கத்த, ஒரோஸ் வந்து வாலைப் பிடித்தான்.