குத்துவிளக்கை ஊத வேண்டிய கொலைகாரன்

யுத்த காலத்தில் சேலத்தில் இருட்டுக்குப் பஞ்சமே இல்லை, மண்ணெண்ணெய்க்குத்தான் பஞ்சம். அந்தக் காலத்தில் பார்த்து எங்கள் நாடக சபையின் தலைவரான வக்கீல், இருட்டின் உட்பொருளைப் பற்றி எங்களுக்கு மூன்று மாதம் பாடம் நடத்தினார்.

யுத்த நிதிக்காக நாடகம் போடுவதென்று முடிவாகியிருந்தது. ஏதோ ஓர் ஆங்கிலத் துன்பியல் நாடகத்தை அவரே தமிழாக்கியிருந்தார். பட்டத்துக்கு ஆசைப்பட்டுத் தம்பி அண்ணனைக் கொல்லும் கதை. நான் பள்ளிக்கூட வாத்தியார். உரக்கக் கத்துவேன் என்பதால் தம்பி வேஷம் எனக்கு. அண்ணன் வேஷம் இளம்பிள்ளையிலிருந்து வரும் ஒரு நெசவாளிக்கு.

"முதல் அங்கத்து இருட்டு சந்தேகம். இரண்டாம் அங்கத்து இருட்டு மனசாட்சி. மூன்றாம் அங்கத்து இருட்டு விதி" என்றார் வக்கீல்.

"அப்ப பொழுது எப்பங்க விடியும்?" என்று நெசவாளி கேட்டார்.

"விடியாது. துன்பியல்."

"விடியாட்டித் தறிக்குப் பாவு நூல எப்பங்க தெருவுல நீட்டுறது?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களிடம் பேசி அலுத்துப்போனால் அவர் செய்வது அதுதான்.

அவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போயிருந்தான். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. யாராவது விசாரித்தால் "தபால் தாமதம்" என்பார். உடனே உட்பொருளுக்குப் போய்விடுவார்.

மூல நாடகத்தில் கொலைகாரன் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டுக் கத்தியை எடுக்கிறான். அதை அப்படியே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. நம் மண்ணுக்கு ஏற்ற மாதிரி இருக்கட்டும் என்று வக்கீல் மெழுகுவத்தியைக் குத்துவிளக்காக்கிவிட்டார். பொட்டு வைத்துச் செவ்வந்தி சுற்றிய அசல் குத்துவிளக்கு. அதை வாயால் ஊத வேண்டியவன் நான்.

வீட்டில் சொன்னதுதான் தாமதம், என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, கொலைன்னா பண்ணிக்குங்க. வெளக்க வாயில ஊதுனீங்கன்னா ஊட்டுப் பக்கம் வாராதீங்க."

வக்கீலிடம் போய்ச் சொன்னேன். அண்ணனைக் கொல்லத் துணிந்தவனுக்கு விளக்கை ஊதப் பயமா என்று கேட்டுச் சிரித்தார். பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்றார். மூச்சுக் காற்றில் விளக்கு அணையும் அந்த நொடிதான் நாடகத்தின் உயிர் என்றார். சரி சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சேலத்தில் முதல் ஆட்டம். சாயங்காலம் ஆறு மணிக்கே கொட்டகை நிறைந்துவிட்டது. குத்துவிளக்கு அணைந்ததும் பெட்ரோமாக்ஸ்கள் மேல் கூடையைக் கவிழ்ப்பதற்கு மேடையின் இரண்டு பக்கமும் ஆள் நின்றது. கட்டிலில் அண்ணன் தூங்குகிறார். நான் விளக்கின் முன் குனிந்தேன். பெண்கள் வரிசையில் என் மனைவி இருப்பது தெரிந்தது. ஊதவில்லை. ஒரு செவ்வந்தியைப் பறித்துச் சுடரின் மேல் போட்டேன். அது வழுக்கி எண்ணெயில் விழுந்தது. இன்னொன்று போட்டேன். சுடர் முன்னைவிட நன்றாக எரிந்தது.

"ஊதுங்க!" என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து வக்கீல் சீறினார்.

சாகக் கிடந்த அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். "காம்பால திரிய உள்ள இழுங்க வாத்தியாரே" என்றார். உடனே பெண்கள் வரிசையிலிருந்தும் யோசனைகள் வர ஆரம்பித்தன. "மெல்ல இழுங்க சாமி!" இழுத்தேன். திரி எண்ணெயில் மூழ்கி விளக்கு குளிர்ந்தது. பாதிச் சபை கைகூப்பியது. அந்தப் பக்தி மணக்கும் இருட்டில் நான் அண்ணனைக் குத்திக் கொன்றேன்.

வக்கீல் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. வெண்ணந்தூரில் நடக்கவிருந்த இரண்டாம் ஆட்டத்துக்குத் தம்பி வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டார். நெசவாளிக்குத் தறி வேலை நெருக்கியதால் கட்டிலில் கிடந்து சாகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. "எப்படி ஊதுவதென்று படுத்துக்கொண்டே பாருங்கள்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் படுத்தேன்.

அன்று அவர் வசனமெல்லாம் பிரமாதம். என் கிரீடம் அவர் தலையில் ஏறாமல் உச்சியில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான் குறை. விளக்கருகே மண்டியிட்டார். கன்னம் உப்பியது. நான் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று மூக்கு வழியாகப் போய்விட்டது. மறுபடி கன்னத்தை உப்பினார். சுடர் ஆடவே இல்லை. கூடைக்காரர்கள் கையைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். ஊத முடியாமல் விழிக்கட்டும் என்று ஒரு வாரமாக வேண்டிக்கொண்டவன் நான். பார்த்து ரசிக்கத் தயாராகவும் இருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பையன் அங்க இருக்கானுங்க வாத்தியாரே" என்றார்.

கொலையாக வேண்டிய நானே எழுந்து உட்கார்ந்தேன். ஒரு செவ்வந்தியைப் பறித்து, காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டேன். கூடைகள் கவிழ்ந்தன.

இருட்டில் அவர் கை என்னைத் தேடிக்கொண்டு வந்தது. கத்தி வரும் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். படுதா விழும்வரை விடவில்லை. மூன்று மாதப் பாடத்தில் இந்த இருட்டு வரவே இல்லை.

கொலை நடக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த காட்சியில் நான் செத்துக் கிடக்க, எல்லோரும் சுற்றி நின்று அழுதார்கள். பொய்யழுகை அழ வேண்டிய தம்பிதான் தத்ரூபமாக அழுதார் என்று வெண்ணந்தூரில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.