சவரிமுத்து சாரின் நைட்ரஜன் சிலிண்டர்

பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிறவனை யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவன் எப்போதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருப்பதால் வண்டிக்காரர்களுக்கு அவன் உச்சந்தலைதான் தெரியும். என்னைப் போல அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு வெயிலில் காய்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் மிகைப்படுத்தவில்லை என்று அவர்களே சாட்சி சொல்வார்கள். எண்பதுகளில் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பங்கில் ஏழு வருஷம் அந்த வேலை பார்த்தேன். இப்போது எங்கே பார்த்தாலும் கார் டயருக்கு நைட்ரஜன் அடிக்கலாமா, வேண்டாமா என்று பேச்சு நடக்கிறது. எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஒருத்தர் ஞாபகம்தான் வரும்.

நல்லம்பள்ளிக்காரர் கோபம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய விவசாயி அம்பாசிடரில் வந்தார். பெண் பார்க்கப் போகிற கூட்டம். வண்டி நிறைய சொந்தக்காரர்கள், மடியில் பூவும் பழமும். பின் சக்கரத்தில் நூல் தெரிகிற அளவுக்கு டயர் தேய்ந்திருந்தது. "டயர் போயிருச்சுங்க, இதோட தூரம் போகாதீங்க" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டேன். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டாரும் வண்டியில் இருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அவர் வண்டியை விட்டு இறங்கினார். நேராக மேனேஜர் அறைக்குப் போனார். அவர் வண்டி கிளம்பிய பிறகு மேனேஜர் வந்து என் பக்கத்தில் நின்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார். "மாது, உன்னைக் காத்துக்குத்தான் வச்சிருக்கேன். டயரு அவங்களுது, அத அவங்க பாத்துக்குவாங்க."

ரெஜினாம்மாவின் அவசரம்

சவரிமுத்து சார் பெங்களூரில் விமானங்களுக்கு டயர் மாட்டுகிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரிமங்கலத்துக்கு வெளியே அப்பா காலத்து நிலத்தில் வீடு கட்டி, மனைவி ரெஜினாம்மாவோடு இருந்தார். ஒரே மகள் ஸ்டெல்லா பெங்களூரில் நர்ஸ். மாதம் இரண்டு தடவையாவது அவருடைய பழைய ஃபியட் எங்கள் பங்குக்கு வரும். அவர் மீட்டரைப் பார்ப்பார். அந்தம்மா இறங்கி வந்து என்னிடம் பேசும். பங்கில் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் ஆள் அந்தம்மாதான். வேர்க்கடலை வேகவைத்தால் எனக்கும் ஒரு பொட்டலம் வரும்.

ஒரு சித்திரை மாதக் காலையில் இரண்டு பேரும் சேலத்துக்குக் கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பி வந்தார்கள். முன்பக்க இடது சக்கரத்தில் காற்று பிடிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. டயரின் பக்கவாட்டில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். உள்ளே நூல் விட்டுப்போனால்தான் அப்படி வரும். நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்து டயரையே பார்த்த மனுஷனுக்கு நாம் என்ன சொல்வது என்றும் நினைத்தேன். இருபத்து நான்கு பவுண்டு அழுத்தம் வைத்து வால்வு மூடியைத் திருகினேன். அந்தம்மா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டியது. "வர்றேன் மாது. பத்து மணிக்கெல்லாம் போயிரணும், அப்புறம் டாக்டர் இருக்க மாட்டாராம்."

தொப்பூரிலிருந்து வந்த செய்தி

மத்தியானம் ஒரு லாரி டிரைவர் டீசல் போட வந்தார். சேலம் போகிற வழியில், தொப்பூர் இறக்கத்தில் ஒரு ஃபியட் டயர் வெடித்துப் பாறையில் மோதிக் கிடக்கிறது என்றார். என்ன நிறம் என்று கேட்டேன். வெள்ளை என்றார். எத்தனையோ வெள்ளை ஃபியட் ஓடுகிற ரோடு அது. இருந்தாலும் குழாயைக் கீழே போட்டுவிட்டு ரோட்டோரம் போய் நின்றேன்.

ரெஜினாம்மாவின் அடக்கத்துக்குப் போனேன். மாதா கோயிலுக்கு உள்ளே போகாமல் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். சவரிமுத்து சாருக்கு வலது கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். ஸ்டெல்லா அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் நின்றார். மகளிடம், "இவருதாம்மா மாது. நம்ம வண்டிக்குக் காத்து பிடிக்கிறவரு. ஒங்கம்மாவுக்கு ரொம்பப் புடிக்கும்" என்றார்.

சேலை சுற்றிய சிலிண்டர்

அதற்கப்புறம் எட்டு மாதம் அவர் வரவில்லை. தருமபுரியில் பட்டறையில் விட்டிருந்த அதே ஃபியட்டைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு ஒருநாள் வந்து நின்றார். பின் சீட்டில் நிறுத்தினால் இடுப்பு உயரம் வரும் ஒரு சாம்பல் நிற சிலிண்டர் படுத்திருந்தது. உருளாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு நீலச் சேலை. அந்தச் சேலையை எனக்குத் தெரியும்.

உள்ளே இருப்பது நைட்ரஜன் என்றார். பெங்களூரில் பழைய சிநேகிதர் மூலமாக வாங்கி வந்தாராம். நாலு சக்கரத்திலும் இருக்கிற காற்றை முழுதும் இறக்கிவிட்டு இதை அடிக்க வேண்டும். ஜாக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கினேன். வால்வு ஊசியைக் கழற்றினால் காற்று சீறிக்கொண்டு போகும். அது அடங்கும்வரை அவர் தலை குனிந்து நிற்பார். பிறகு சிலிண்டரை அவரே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார். நாலு சக்கரமும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எதற்கு இவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "ப்ளேனுக்கெல்லாம் இதாங்க. காத்துன்னா அதுல ஈரம் இருக்கும், சூடு ஏறும். அன்னிக்குக் காத்து சூடாகித்தான் வெடிச்சிது."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வாத்தியார் கணக்கு

மாதாமாதம் இது நடந்தது. பங்கில் எல்லாருக்கும் வேடிக்கை. வாராவாரம் சந்தை நாளில் ஸ்கூட்டருக்குக் காற்று பிடிக்க வரும் சயன்ஸ் வாத்தியார் ஒருவர் இருந்தார். சிரிக்காமல் கேட்கிற ஆளாக அவர்தான் தெரிந்தார். நைட்ரஜன் அடித்தால் டயர் வெடிக்காதா என்று அவரிடம் கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். விமானம் அவ்வளவு வேகத்தில் இறங்கும், பிரேக் நெருப்பாகக் கொதிக்கும், அதற்கு வேண்டியதுதான். காருக்கு, அழுத்தம் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கலாம், அவ்வளவுதான். நைந்துபோன டயருக்குள் எதை அடைத்தாலும் நைந்த இடம் நைந்த இடம்தான். எனக்கு இது புதுச் செய்தி இல்லை. அவருடைய ஸ்கூட்டர் டயரை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தேன். போகும்போது அவர் சொன்னார்: "நீ பிடிக்கற காத்துலயே அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன்தான் மாது. பாவம், மிச்சம் ஒரு பங்குக்காக அவரு பெங்களூரு போயிட்டு வர்றாரு."

கரண்ட் இல்லாத மத்தியானம்

கம்ப்ரசருக்குக் கரண்ட் வேண்டும், சிலிண்டருக்கு வேண்டாம். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய், பங்கில் சவரிமுத்து சார் வண்டி மட்டும்தான் நின்றது. இடது முன் சக்கரத்துக்கு வந்தபோது என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "சார், அன்னிக்கு இந்தச் சக்கரத்துல வீக்கம் இருந்துச்சுங்க. நான் கையால தொட்டுப் பாத்தேன். ஒங்ககிட்டச் சொல்லல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் சிலிண்டரின் வால்வை மூடினார். வண்டிக் கதவைத் திறந்து, கால் வெளியே தொங்க சீட்டில் உட்கார்ந்தார்.

"நானும் பாத்தேன் மாது" என்றார். "வூட்டுலயே பாத்துட்டேன். முப்பது வருசம் டயரு பாத்தவனுக்குத் தெரியாதா? சேலம் போயிட்டு வந்து மாத்திக்கலாம்னு இருந்துட்டேன்."

அப்படியானால் இந்த நைட்ரஜன் எதற்கு என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் கிருஷ்ணகிரிப் பக்கம் போனது, இன்னொன்று தருமபுரிப் பக்கம் போனது.

"ஆஸ்பத்திரில ஸ்டெல்லா, எப்படிப்பா வெடிச்சிதுன்னு கேட்டா. காத்து சூடாயிருச்சும்மான்னு வாயில வந்துருச்சு. அப்படிச் சொன்னவன், மறுபடியும் அதே காத்தை அடிச்சிக்கிட்டு அவ முன்னாடி போய் நிக்க முடியுங்களா?"

ஸ்டெல்லா கேட்ட கேள்வி

இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தார். பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா. லீவில் வந்திருந்தது. நான் ஜாக்கியை எடுத்து வைத்ததும் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணா, நெஜமாவே இதனால பிரயோசனம் இருக்குங்களா? எங்க ஹாஸ்டல்ல சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க."

நான் சாரைப் பார்த்தேன். அவர் சிலிண்டரின் மேலிருந்த சேலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. "கெடுதல் ஒண்ணுமில்லீங்க. ஆனா டயருதாங்க முக்கியம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முடிச்சை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். மகள் முகத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "டயருதாம்மா. அன்னிக்குக் காலையில வீங்கியிருந்துச்சு. பாத்துட்டுதான் வண்டிய எடுத்தேன். ஒங்கிட்டச் சொல்ல முடியல." நானும் பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

ஸ்டெல்லா போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டது. அவர் வெயிலிலேயே நின்றார். நான் எதைச் செய்வதென்று தெரியாமல் நாலு டயரையும் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தேன். நாலும் புது டயர், ஒரு கீறல் இல்லை. மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்விட்டார். எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ தெரியாது. ஸ்டெல்லா ஜன்னல் கண்ணாடியை இறக்கியது. முகம் கழுவின மாதிரி நனைந்திருந்தது. "வெயில்ல நிக்காதீங்கப்பா. உள்ள வந்து உக்காருங்க."

டயருக்கு நைட்ரஜன் நல்லதா என்று இப்போது என்னைக் கேட்கிறவர்களிடம், கையில் காசு இருந்தால் தாராளமாக அடியுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து டயரைப் பாருங்கள், பார்த்ததை வாயைத் திறந்து சொல்லுங்கள் என்கிறேன். அவர்களும் தலையை ஆட்டிவிட்டு நைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்றுதான் திரும்பக் கேட்கிறார்கள்.