தலைவர் படத்தின் இடது ஓரம்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, காலை ஏழே கால் மணி. சித்தூரில் தூறல். குடையை விரித்தால் நின்றது, மடக்கினால் பிடித்துக்கொண்டது. தம்பியிடமிருந்து ஒரு படத்தைத் திரும்ப வாங்குவதற்காகத் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். இரண்டு நாளில் தருவதாக வாங்கிப்போனவன் பதினொரு நாள் வைத்திருந்தான்.

தம்பி என்றால் சிற்றன்னை பெற்ற தம்பி. படம் அதற்கு முந்தைய காலத்தது. எங்கள் அப்பா மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது தேசத் தலைவர் ஒருவர் மனைவி, மகளோடு வந்து கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். அப்பா ஒரே ஒரு படம் எடுத்தார். நடுவில் தலைவர், வலப்பக்கம் மகள், இடப்பக்கம் மனைவி. இடது ஓரத்தில், தட்டில் மூன்று தம்ளர் எலுமிச்சம்பழ ரசத்தை நீட்டிக்கொண்டு நிற்பவள் என் அம்மா. மறு வருடம் இறந்துபோனாள். எனக்கு அப்போது நான்கு வயது. அவளுக்கு வேறு படம் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் தலைவரைப் பார்ப்பார்கள், நான் ஓரத்தைப் பார்ப்பேன். என் மகள் கைப்பேசியில் எடுத்த நகலில், கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து அம்மா இருக்குமிடம் வெறும் வெள்ளை.

தம்பி கட்சிக்காரன். தலைவரின் பழைய படத்தைக் கட்சி ஆபீசில் மாட்டினால் ஏதாவது பதவி வரும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். நகல் எடுத்துக்கொண்டு தந்துவிடுவதாகச் சொன்னான்.

நகல் எடுக்கவில்லை. திருப்பதி போய்ப் பார்த்தால் என் படமே கட்சி ஆபீஸ் சுவரில் தொங்கியது. தங்க நிறச் சட்டம். தலைவரின் சால்வைக்கு ஜரிகை ஒட்டியிருந்தது. ஒரு மணிகூட இல்லாதிருந்த மனைவியின் கழுத்தில் ஒன்பது சிவப்புக் கல், மகளின் காதுகளில் வெள்ளைக் கல். கோயில் பக்கத்தில் சாமி படம் கட்டுகிற கடையில் கொடுத்திருக்கிறான். எது வந்தாலும் பெருமாளுக்கும் தாயாருக்கும் செய்வதை அவர்கள் செய்துவிடுவார்கள். கையிலிருக்கும் சட்டத்தின் அளவுக்கு நறுக்கியும் விடுவார்கள். இடது ஓரத்தில் மூன்று தம்ளர் வைத்த தட்டும் அதைப் பிடித்த கையும் மட்டும், ஆளில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா எங்கடா?"

"இன்னாண்ணா, வந்ததும் வராததுமா சண்டைக்கு நின்னுக்கினு கீற. தலைவரு, அவரு சம்சாரம், பொண்ணு, மூணு பேரும் முழுசா கீறாங்கல்ல?"

"நறுக்கின துண்டு எங்க?"

"கடையில போயி கேளு. இட்லி துன்னுட்டுப் போ."

"உன் கையால தண்ணிகூட வாணாம்."

"என் கை இன்னாத்துக்கு? கேன்ல கீது, நீயே புடிச்சிக் குடி."

அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் படியிறங்கினேன்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "ஓரத்துண்டுங்கள தூக்கிப் போடறதில்ல சார். வேற படத்துக்குப் பின்னால, அட்டை ஆடாம இருக்கறதுக்கு வெச்சி ஆணி அடிச்சிடுவோம்." துண்டு கெட்டித் தாள் என்பதால் அவருக்கு நினைவிருந்தது. சுவரில் மாட்டியிருந்த ஏழு படங்களில் மூன்றாவதைக் காட்டினார். இரண்டடி உயரப் பெருமாள், உடம்பெல்லாம் கல்.

"பிரிச்சு எடுத்துக் குடுங்க."

"கட்டி முடிச்சி கற்பூரம் காட்டிட்டேன் சார். சாமிய நான் பிரிக்க மாட்டேன். வாங்கிக்கினு போயி நீங்க இன்னா வேணா பண்ணிக்கங்க."

"நான் கிறிஸ்தவன்."

"அதுக்கின்னா சார், வெல ஒண்ணுதான்."

கெஞ்சியதில் ஐம்பது ரூபாய் குறைத்தார். பெருமாளை மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் திரும்பினேன். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் வழியெல்லாம் படத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் பன்னிரண்டு ஆணிகளையும் கழற்றினேன். துண்டு இருந்தது. மூன்று விரல் அகலம். முகத்தில் கத்தி படவில்லை. தோளும் முழங்கையும் இருந்தன. மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருந்தது. கை திருப்பதியில் கட்சி ஆபீசில் இருக்கிறது. அதற்காகக்கூடத் தம்பியின் வாசலை இனி மிதிக்கமாட்டேன்.

பெருமாளைத் திரும்ப ஆணியடித்துப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டார், காசைப் பற்றிப் பேசவில்லை. பஸ், ஆட்டோ, படம், அம்மாவுக்கு ஒரு சின்னச் சட்டம், எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது ரூபாய் ஆயிற்று.