டோக்கன் இல்லாமல் கிளம்பிய ரயில்

எங்கள் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. மற்றவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படித்ததோ தெலுங்கும் இங்கிலீஷும். பொம்பளைப் பிள்ளை என்று என்னைக் கிரிக்கெட்டில் சேர்க்காத பையன்கள், ஞாயிற்றுக்கிழமை நான் காமிக்ஸ் வாசிக்க வந்தால் மட்டும் பம்ப் ஹவுஸ் படியில் நடு இடத்தை விட்டுத் தருவார்கள். அதுவும் போனால் அங்கே எனக்கு வேறு இடமே இல்லை.

அன்று வாசித்தது மெட்ராஸ் மாமா கொண்டுவந்த உளவாளிக் கதை. உலகத்தையே ஆளத் துடிக்கும் மொட்டைத்தலையன் ஒருவன் மலைச்சுரங்கத்துக்குள் ரயில் நிறைய விஷவாயு ஏற்றி வைத்திருக்கிறான். உளவாளி உள்ளே குதிக்கிறான். பக்கத்தைத் திருப்பினால் வெறும் அட்டை! கடைசித் தாளைக் கிழித்து, அப்பாவின் புளியோதரைப் பொட்டலத்தைச் சுற்றி அனுப்பியிருந்தாள் அம்மா.

"கைக்கு நிறுத்திட்ட?" என்றான் என்ஜின் டிரைவர் மகன். எங்கள் ஊர் உருதுவில் 'கைக்கு' என்றால் 'ஏன்'. என் இடத்தின் மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண்.

அட்டையைப் பார்த்தபடியே நானாக ஒரு முடிவை மளமளவென்று அளந்துவிட்டேன். "சுரங்கத்துல ஒத்தை லைன். உளவாளி ஸ்டேஷன் மாஸ்டர் ரூமுக்குள்ள புகுந்து டோக்கனைத் தூக்கிட்டு ஓடிட்டான். மொட்டையன் கத்துறான், டிரைவர் வண்டிய எடுக்கவே இல்ல. போலீஸ் வந்துடுச்சு!"

ஒற்றைத் தண்டவாளத்தில் போக ஸ்டேஷன் மாஸ்டர் தரும் இரும்பு உருண்டைதான் டோக்கன். அது கைக்கு வராமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தமாட்டார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரிந்த சட்டம் அது. எல்லாரும் கைதட்டினார்கள்.

டிரைவர் மகன் மட்டும் தட்டவில்லை. "அட்டையில எழுத்தே இல்ல, நீ கதை விடுற. எங்க மெட்ராஸ் சித்தப்பாவை முழு புக் அனுப்பச் சொல்றேன். பொய்னா இனிமே நீ இங்க உக்காரக் கூடாது."

"வரட்டுமே!" என்றேன். அட்டையை மட்டும் சட்டென்று மூடிவைத்தேன்.

புத்தகம் வந்தது. வந்து என்ன? அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே! என் கையிலேயே கொடுத்தான். ஆனால் அச்சில் இருப்பதை மாற்றி வாசிக்க எனக்கு மனம் வரவில்லை; கடைசிப் பக்கத்தை உள்ளபடியே வாசித்தேன். மொட்டையன் துப்பாக்கியை நீட்டுகிறான். டிரைவர் பயந்துபோய் டோக்கனும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் ரயிலைக் கிளப்புகிறான். உளவாளி பேனா வெடியை வீச, ரயில் சிதறுகிறது. டிரைவரும் அதோடு போய்விட்டான். அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நடு இடத்தை விட்டு நான் எழுந்தேன். டிரைவர் மகன் புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினான்.

"டோக்கன் இல்லாம எங்கப்பா வண்டி எடுக்க மாட்டார். துப்பாக்கி காட்டினாலும் எடுக்க மாட்டார். இந்த முடிவு நக்கோ, வேணாம். நீ உக்காரு, உன்னோடதையே சொல்லு."

"ஹவ், ஹவ்!" என்று ஆமாம் போட்டார்கள் மற்றவர்கள்.

நடு இடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை, போலீஸ் வந்த பிறகு, டிரைவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.